கருவி வந்த பிறகு

மலப் பரிசோதனையில் ரத்தம் தெரிந்ததால் ஆங் மோ கியோ பலதுறை மருந்தகத்திலிருந்து கொலனோஸ்கோப்பிக்கு அனுப்பப்படும் முதியவர், தமக்குள் செலுத்தப்படும் கருவியை யார் சோதித்தார்கள் என்று கேட்பதில்லை. நம்மை நம்பிப் படுக்கிறார். அதைக் கேட்க வேண்டியவர்கள் மருத்துவர்களாகிய நாம்தான்.

கருவி உருவாக்குவதில் சிங்கப்பூர் மருத்துவர்கள் பின்தங்கவில்லை. தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையின் இரைப்பை குடல் மருத்துவர் லாரன்ஸ் ஹோவும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பொறியாளர் லூயிஸ் ஃபீயும் 2004இல் ஹாங்காங் அறுவை மருத்துவர் சிட்னி சுங்குடன் நண்டு சாப்பிட்டபோது பிறந்த யோசனைதான் ‘மாஸ்டர்’ ரோபோ. எண்டோஸ்கோப் நுனியில் இரண்டு கைகள்: ஒன்று கொடுக்குப் போலத் திசுவைப் பிடித்துத் தூக்கும், மற்றது கொக்கியால் அறுக்கும். சளிப்படலத்தோடு கட்டியை உரித்தெடுத்துப் பழகியவர்களுக்கு அந்த இன்னொரு கையின் அருமை தெரியும். பன்றிகளில் சோதித்த பிறகு, 2011இல் இந்தியாவிலும் ஹாங்காங்கிலும் தொடக்கநிலை இரைப்பைக் கட்டி இருந்த 5 பேருக்கு அது பயன்பட்டது. ஹைதராபாத் மருத்துவர் நாகேஷ்வர் ரெட்டி அந்த ஆய்வில் பங்கேற்றார். இடையில் ஓடிய 7 ஆண்டு உழைப்பை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆனால் கருவி புழக்கத்துக்கு வந்ததோடு மருத்துவரின் பொறுப்பு தீர்வதில்லை. டியோடினோஸ்கோப்பை எண்ணிப் பாருங்கள். பல ஆண்டுகள் உலகெங்கும் பயன்பட்ட கருவி. விதிப்படி கழுவிய பிறகும் அதன் நுனி நெம்புகோலின் இடுக்கில் மருந்துக்கு அடங்காத கிருமிகள் தங்கின. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2015இல் எச்சரித்தது. 2019இல், ஒருமுறை பயன்படுத்தி எறியும் நுனிப் பாகங்களுக்கு மாறச் சொன்னது.

இங்கே சுகாதார அறிவியல் ஆணையம் கருவிகளை அபாயத்துக்கேற்ப ஏ முதல் டி வரை பிரிக்கிறது. பொதுச் சுகாதாரத்துக்குப் பெரும் அச்சுறுத்தல் என்றால் 48 மணி நேரத்துக்குள்ளும், மரணம் அல்லது கடும் பாதிப்பு என்றால் 10 நாள்களுக்குள்ளும் விற்பனையாளர் தெரிவித்தாக வேண்டும். அவர் அறிந்த பிறகே அந்தக் கெடு தொடங்கும். நமக்கோ அந்தக் கட்டாயம் இல்லை. பழுதை முதலில் பார்ப்பது நாமும் தாதியரும்தான். நாம் பேசாமல் இருந்தால் சட்டத்தின் கடிகாரம் ஓடவே ஓடாது.

ஆய்வுக் கட்டுரைகளுக்குத் தரும் மதிப்பைப் பழுது அறிக்கைகளுக்கும் ஒழுங்குமுறைக் குழுப் பணிக்கும் பதவி உயர்வுக் குழுக்கள் தர வேண்டும். அதுவரை காத்திருக்க வேண்டாம். அடுத்த முறை கிளிப் திறக்க மறுத்தால் குப்பையில் போடாதீர்கள். எடுத்து வையுங்கள், தொகுதி எண்ணைக் குறியுங்கள், அன்றே ஆணையத்துக்கு எழுதுங்கள்.