வழங்கியின்மேல் பழி வேண்டாம்

சேர்த்துவைத்த திரைப்படங்களையும் எழுத்தாளர்தம் உரைப்பதிவுகளையும் ஜெல்லிஃபின் வழியே வீடெங்கும் பகிர ஒரு பழைய கணினியே போதும். தொலைக்காட்சியில் அது தெரியாதபோது பலரும் வழங்கியை அழித்து மீண்டும் நிறுவுகிறார்கள். குற்றம் பெரும்பாலும் வழங்கியினுடையதன்று, பாதையினுடையது.

இணைய நிறுவனம் தந்த ரூட்டருக்குப் பின்னால், வி.பி.என்னுக்கென இன்னொரு ரூட்டரை வைத்திருக்கிறோம் எனக் கொள்வோம். முதலாவது 192.168.1 வரிசையிலும் இரண்டாவது 192.168.50 வரிசையிலும் முகவரி தருகின்றன. இரண்டாவதன் உள்ளிருப்போர் வெளியே செல்லலாம். வெளியிலிருந்து அழைப்பின்றி உள்ளே வர இயலாது. முதலாவதில் இணைந்த தொலைக்காட்சிக்கு வழங்கி தென்படாததன் காரணம் இதுவே.

ஆகவே படிப்படியாகச் சோதிப்போம். முதலில் வழங்கி இயங்கும் கணினியிலேயே 8096 போர்ட்டைத் திறந்து பார்ப்போம். அடுத்து அதே ரூட்டரிலுள்ள கைப்பேசியில். பிறகே முதல் ரூட்டரிலிருந்து. எந்தப் படியில் தடைபடுகிறதோ, கோளாறு அங்கேதான்.

வழங்கியையும் தொலைக்காட்சியையும் ஒரே ரூட்டரின் கீழ் வைத்தாலே வீட்டுச் சிக்கல் தீரும். வெளியூரிலிருந்து அணுகுவது வேறு கதை. கேள்வி முன்வாசலில் வர, பதில் வி.பி.என் சுரங்கத்தின் வழியே வெளியேறித் தொலைந்துபோகக்கூடும். முதல் ரூட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையிலான வரிசையில் இருந்தாலோ, பல வீடுகளுக்கும் ஒரே பொதுமுகவரி என்று பொருள். அங்கே போர்ட்டுகளைத் திறந்து பயனில்லை. டெயில்ஸ்கேல் போன்ற தனிப்பாதையே தகும்; உலகுக்கெல்லாம் கதவு திறக்கவும் வேண்டியதில்லை.

இத்தனை பாடு எதற்கு என்று கேட்கலாம். சந்தா கட்டிப் பார்ப்பது நாளையே பட்டியலிலிருந்து நீங்கலாம். நம் வட்டில் இருப்பதை எந்த நிறுவனமும் திரும்பப் பெற இயலாது.