ரெண்டாவது சிலிண்டர் செய்த வேலை!

“வண்டி மிஸ்ஸிங் அடிக்குதுடா” என்று அப்பா போனில் சொன்னபோது, பிளக் மாற்றினால் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன். அடுத்த இரண்டு மாதத்தில் இரண்டு தடவை பிளக், ஒரு இக்னிஷன் காயில், பெட்ரோல் டேங்க் கிளீனிங். 9,000 ரூபாய் போனது. மிஸ்ஸிங் மட்டும் போகவில்லை.

கீரப்பாளையத்தில் எங்கள் வீட்டில் இருப்பது பழைய நாலு சிலிண்டர் பெட்ரோல் கார். வாரத்துக்கு இரண்டு நாள் பாட்டியை டயாலிசிஸுக்கு சிதம்பரம் அழைத்துப்போவது அதில்தான். பஸ் இருக்கிறது. ஆனால், டயாலிசிஸ் முடிந்து வருகிறவரை எப்படி பஸ்ஸில் ஏற்றுவது? ஒருநாள் திரும்பும் வழியில் வேகத்தடை ஏறும்போது வண்டி உதறி, நின்றேவிட்டது. “வித்துடலாம்” என்றார் அப்பா. நான் லீவ் போட்டு ஊருக்குக் கிளம்பினேன்.

சிதம்பரம் ரோட்டில் ஷெட் வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் போனோம். ஸ்கேனரைச் சொருகினார். ‘பி0302’ என்று வந்தது. கடைசி எண்தான் சிலிண்டர். அதாவது, இரண்டாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை. (பி0300 என்று வந்தால், குறிப்பிட்ட ஒன்று என்றில்லாமல் மாறி மாறி அடிக்கிறது என்று அர்த்தம்.) முன்பு பார்த்த மெக்கானிக்குகளுக்கும் இதே கோடுதான் வந்திருக்கிறது. உடனே புது காயில் போட்டுவிட்டார்கள். ஆனால் கோடு சொல்வது எந்த சிலிண்டர் என்பதை மட்டும்தான். காயிலா, பிளக்கா, இன்ஜெக்டரா என்று அது சொல்லாது.

பெரியவர் இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு இரண்டாவது காயிலைக் கழற்றினார். அதன் ரப்பர் எண்ணெயில் பளபளத்தது. எதுவும் பேசாமல் குழியைத் துடைத்துவிட்டு, அதை மூன்றாவதில் போட்டார். மூன்றாவதில் இருந்ததை இரண்டாவதில் மாட்டினார். கோடை அழித்துவிட்டு, “சேத்தியாத்தோப்பு பக்கம் ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க தம்பி” என்றார்.

திரும்பி வந்தால் பி0303! காயிலோடு கோளாறும் இடம் மாறியிருந்தது. பைசா செலவில்லாத டெஸ்ட். கோடு நகராமல் இருந்திருந்தால் பிளக்கையும், அடுத்து இன்ஜெக்டரையும் இதேபோல இடம் மாற்றிப் பார்ப்பாராம். அதிலும் நகராவிட்டால் கம்ப்ரஷன் கேஜ். அங்கே அழுத்தம் குறைந்தால் வால்வு, ரிங் என்று பெரிய செலவு.

“போன மாசம்தானே காயில் மாத்துனோம்?” என்று அப்பா கேட்டார்.

“அது ஏன் போச்சுன்னு யாரும் பாக்கல சார்” என்றவர், எண்ணெய்க் கையைக் காட்டினார். டேப்பட் கவர் பேக்கிங்கோடு, பிளக் குழியைச் சுற்றி இருக்கும் சீலும் சூட்டில் விறைத்துப் போயிருந்தது. கசிந்த ஆயில் குழியில் தேங்கி, காயில் ரப்பரை ஊறவைத்திருக்கிறது. ஸ்பார்க், பிளக் முனைக்குப் போகாமல் பக்கவாட்டில் பாய்ந்துவிடும். லோடு ஏறும்போது ஸ்பார்க்குக்கு அதிக வோல்டேஜ் தேவை என்பதால்தான் வேகத்தடையில் உதறல்.

பேக்கிங் செட், ஒரு காயில், கூலி எல்லாம் சேர்த்து 3,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். கிளம்பும்போது, “செக் இன்ஜின் லைட் விட்டு விட்டு மின்னினா ஓட்டாதீங்க சார்” என்றார். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, அதையே பாழாக்கிவிடும். அது காயிலைவிடப் பல மடங்கு விலை. இன்ஜின் ஓடும்போது காயிலைப் பிடுங்கிப் பார்ப்பதும் கூடாது. பல ஆயிரம் வோல்ட் ஷாக் அடிக்கும்.

நான்கு வாரமாக லைட் எரியவில்லை. விற்கும் பேச்சும் நின்றுவிட்டது. போனோடு ப்ளூடூத்தில் இணையும் ஸ்கேனர் ஒன்றை அப்பா ஆர்டர் செய்திருக்கிறார். பக்கத்து வீட்டு கார்க்காரர் இப்போதே துண்டு போட்டு வைத்துவிட்டார்!