பலகை இல்லாத கிணறு

ஓஸ்டர்முண்டிகனில் எங்கள் குடியிருப்புக்கு மேலே, காட்டோரத்தில், ஒரு பழைய கற்குழி இருக்கிறது. பேர்ண் பழைய நகரத்தின் மணற்கல்லில் பெரும்பங்கு அங்கிருந்து வெட்டிப் போனதுதான். இளைஞனாக இருந்தபோது போல் கிளே அந்தக் குழிக்குத் திரும்பத் திரும்ப வந்து வரைந்திருக்கிறார். இன்று எங்கள் ஊர் எல்லைக்குப் பக்கத்திலேயே அவர் பெயரில் பெரிய மையம் நிற்கிறது, 2005இல் திறந்தார்கள். 10ஆம் இலக்க பஸ் பிடித்து நகரத்துக்குப் போனால், ஐன்ஸ்டைன் குடியிருந்த மாடிவீட்டைக் காசு கொடுத்துப் பார்க்கலாம். ஒரு பெரிய மனிதர் நாலு நாள் தங்கித் தேத்தண்ணி குடித்த வீடென்றாலும் சுவரில் ஒரு பலகை வைத்துவிடுகிற நாடு இது. தெருவோரத் தண்ணீர்த் தொட்டிகளில் மட்டும் கதை நேர்மாறு. பலகை இல்லையென்றால் யாரும் குடிக்கலாம். 'குடிநீர் அல்ல' என்று எழுதியிருந்தால்தான் விலகவேண்டும்.

பலகை பார்த்து வளர்ந்த என் மகள் போன கோடையில் கேட்டாள்: "அப்பா, உங்கட தீவில இருந்த எழுத்தாளர்மாரின்ர இடங்களைக் காட்டுங்கோவன்." அவளுக்குப் பத்தொன்பது வயது, பிறந்தது பேர்ணில். நான் பிறந்தது புங்குடுதீவில். மச்சானின் ஸ்கூட்டியை வாங்கிக்கொண்டு யாழ்ப்பாணத்திலிருந்து காலையில் வெளிக்கிட்டோம். பண்ணைப் பாலத்தால் நேரே போயிருக்கலாம். ஆனால் பின்வாசலால் ஊருக்குள் போகும் ஆசையில், பொன்னாலைத் தாம்போதியால் காரைநகர்ப் பக்கம் திருப்பினேன்.

கசூரினா கடற்கரையில் கால் நனைத்துவிட்டுக் கோவளத்துக்குப் போனோம். அங்கே வெளிச்சவீடு. 1916இல் கட்டியது, நூறு அடி உயரம். மகள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஓபரால்ப்பில பார்த்ததைவிட இது எவ்வளவு பெரிசு" என்றாள். முன்னர் ஒருமுறை அந்தக் கணவாய்க்குப் போயிருந்தோம். கடலே இல்லாத நாட்டில், 2,046 மீற்றர் உயரத்தில், ரைன் நதி பிறக்கும் மலையடியில், சிவப்பு நிறத்தில் ஒரு வெளிச்சவீடு நிற்கிறது. 2010இல் வைத்தது. அந்த நதி கடலைச் சேரும் ஒல்லாந்துக் கரையில் முன்பு நின்ற ஒன்றின் நகல். ரைன் முடிகிற பக்கத்திலிருக்கும் பெருந்துறைமுகம் ரொட்டர்டாம்.

வெளிச்சவீட்டடியில் நின்று அவளுக்கு ஒரு பழங்கதை சொன்னேன். ஒல்லாந்தர் எங்கள் தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப்பெயர்களைத்தான் வைத்தார்கள். காரைநகர் ஆம்ஸ்டர்டாம், வேலணை லெய்டன், புங்குடுதீவு மிடில்பேர்க். அனலைதீவு ரொட்டர்டாம். நெடுந்தீவுக்கு வைத்த டெல்ஃப்ட் மட்டும் இன்றும் ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மற்றவை எல்லாம் உப்புக்காற்றில் உதிர்ந்துவிட்டன. அதிகாரம் எழுதிவைத்த பலகைகளின் ஆயுள் அவ்வளவுதான் என்று அப்போது எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம். பின்னேரம் அது கொஞ்சம் குறைந்தது.

காரைநகர்த் துறையில் ஸ்கூட்டியை நிறுத்தினேன். "இனி ஊர்காவற்றுறைக்குப் பாதையில போகவேணும்" என்றேன். மகள் சுற்றிப் பார்த்தாள். முன்னால் கடல்தான் இருந்தது. "பாதை எங்க?" மறுகரையிலிருந்து ஆட்களையும் சைக்கிள்களையும் சுமந்துகொண்டு மிதந்து வந்ததைக் காட்டி, "உதுதான் பாதை" என்றேன். தட்டையான அந்த மிதவைக்கு எங்கள் பக்கத்துப் பெயரே அதுதான். தண்ணீருக்கு நடுவில் கடற்கோட்டை கடந்து போனது. போர்த்துக்கேயர் கட்டியதை ஒல்லாந்தர் பிடித்து, பன்றித்தொடையின் குதிகால் என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். ஜே.வி.பி. தலைவர் ரோகண விஜயவீரவை 1971இல் அடைத்து வைத்திருந்த சிறையும் அதுதான். அந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொள் என்று மகளிடம் சொன்னேன்.

ஊர்காவற்றுறையைத் தாண்டினால் கரம்பொன். தனிநாயகம் அடிகள் 1913இல் பிறந்த ஊர். இந்தப் பனங்கூடல்களுக்குள்ளிருந்து போன ஒருவர்தான் உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை 1964இல் தொடங்க முன்னின்றார். 1966இல் கோலாலம்பூரில் முதல் மாநாட்டைக் கூட்டினார். வேலணைக்கு வந்ததும் யாழ்ப்பாணம் போகிற வீதியைக் காட்டி, அந்த வழியில் அல்லைப்பிட்டி வரும், ஷோபாசக்தியின் ஊர் என்றேன். "தீபன் படத்தில நடிச்சவரோ?" என்றாள். 2015இல் கான் விழாவில் தங்கப்பனை வாங்கிய படம். இலக்கியத்துக்குள் எந்த வாசலால் நுழைந்தாலும் சரிதான். சாட்டிக் கடற்கரையில் ஆளுக்கொரு இளநீர் குடித்துவிட்டு, இருபக்கமும் ஆழமில்லாக் கடல் பளபளக்கும் நீண்ட தாம்போதியால் புங்குடுதீவுக்குள் இறங்கினோம்.

கூரை இல்லாத கல்வீடுகள், அறைக்குள் வளர்ந்த மரங்கள். 1991இல் போருக்குப் பயந்து நாங்கள் எல்லோரும் விட்டு ஓடிய ஊர். ஆளில்லாத அந்த ஊரைத்தான் கவிஞர் சு. வில்வரத்தினம் 'காற்றுவெளிக் கிராமம்' ஆக்கினார். எங்கள் வீட்டுப் படிக்கட்டில் நின்று மகள் படம் எடுத்தாள். எனக்குக் கடைசி இடத்துக்குப் போகும் அவசரம்.

கண்ணகை அம்மன் கோயில், கடலுக்குப் பக்கத்தில். தீவில் தோண்டினால் எங்கும் தண்ணீர் வரும். வாயில் வைக்கத்தான் முடியாது. நல்ல தண்ணீர்க் கிணறு யாருடைய கையில் இருக்கிறதோ, ஊரும் அவர் கையில். கோயிற் கிணற்றில் ஒடுக்கப்பட்ட சாதியினர் தண்ணீர் அள்ளக்கூடாது என்பது அப்போதைய நடைமுறை. அதற்கு எதிராக 1971இல் சத்தியாக்கிரகம் நடந்தது. முன்னே நின்றவர் மு. தளையசிங்கம். 'போர்ப்பறை', 'மெய்யுள்' எழுதியவர், பள்ளி ஆசிரியர். பொலிஸ் அவரை அடித்துச் சிறையில் போட்டது. அதற்குப் பிறகு உடம்பு தேறவேயில்லை. 1973இல் இறந்தபோது வயது முப்பத்தெட்டு. எழுத்தையும் வாழ்க்கையையும் ஒன்றாக்கவேண்டும் என்று எழுதுகிறவர்கள் நிறைய உண்டு. அதை ஒரு வாளித் தண்ணீரில் சோதித்துப் பார்த்தவர்கள் குறைவு.

"இதுதானா அப்பா, இலக்கிய இடம்?" என்றாள் மகள். இதுதான் என்றேன். அவர் எழுதிய மேசையைக் காட்ட என்னால் முடியாது. அவர் உயிரைக் கொடுத்த கேள்வி எங்கே நின்றது என்பதைக் காட்டலாம்.

"அப்ப உங்கட வீட்டுக்காரர் இங்க தண்ணி அள்ளினவையோ?"

அந்தக் கேள்வி வருமென்று தெரிந்துதான் நாள் முழுக்கச் சுற்றுப்பாதையால் வந்தேனோ என்னவோ. "அள்ளினவை" என்றேன். எங்களை யாரும் மறித்ததில்லை. நான் அப்போது கைக்குழந்தை. ஆனால் அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த கைக்குழந்தை. அந்த நாட்களில் எங்கள் வீட்டார் எங்கே நின்றார்கள் என்று அப்புவையோ ஆச்சியையோ நான் ஒருநாளும் கேட்டதில்லை. பதில் தெரிந்திருந்ததால்தான் கேட்கவில்லை.

மகள் நாலு பக்கமும் பார்த்தாள். என் கண்ணிலும் ஒரு அறிவிப்பும் படவில்லை. "போர்ட் ஒண்டும் இல்லை. அப்ப எல்லாரும் குடிக்கலாம்தானே?" என்றாள், பேர்ண் பிள்ளையாக.

ஓம் என்று சொல்ல வாய் எடுத்தேன். வரவில்லை. "அப்பவும் போர்ட் இருக்கேல்லை பிள்ளை" என்றேன். யார் அள்ளலாம், யார் தள்ளி நிற்கவேண்டும் என்பதை யாரும் எழுதி ஒட்டவேண்டியிருக்கவில்லை. ஒல்லாந்தன் எழுதிய பெயர்கள் அழிந்துபோயின. நாங்கள் எழுதாமல் வைத்திருந்ததை அழிக்க ஒருவர் உயிரைக் கொடுக்கவேண்டி வந்தது.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. குறிகட்டுவான் பக்கமிருந்து கடைசி வள்ளத்தில் வந்திறங்கியவர்களை ஏற்றிக்கொண்டு ஒரு பஸ் போனது. ஸ்கூட்டியில் ஏறும்போது சொன்னாள்:

"அப்ப இங்கதானப்பா ஒரு பலகை வைக்கவேணும்."