அம்மாவுக்கு என்ன வயது?

கடைசிப் பக்கம் வரை படித்தும் காணாமல் போனவர் கிடைக்கவில்லை என்றால் இது என்ன மர்மக் கதை என்று கேட்கிறார்கள், என்னிடம் இரவல் வாங்கிப் படித்த நண்பர்கள் இருவர். அவர்கள் குறை சொல்வது கொரிய எழுத்தாளர் ஷின் கியுங்-சூக்கின் நாவலை. 2008-இல் கொரிய மொழியில் வந்தது. 2011-இல் 'ப்ளீஸ் லுக் ஆஃப்டர் மாம்' என்ற பெயரில் ஆங்கிலத்தில் வெளியானது. என்னைக் கேட்டால், அந்த அம்மா கிடைக்காமல் போவதுதான் கதைக்கு நியாயம்.

நடந்தது இவ்வளவுதான். பிறந்தநாளைப் பிள்ளைகளோடு கொண்டாட ஒரு வயதான தம்பதி கிராமத்திலிருந்து சியோலுக்கு வருகிறார்கள். சியோல் நிலையத்தில் சுரங்க ரயில் வந்து நிற்கிறது. வழக்கம்போல முன்னால் நடந்த கணவர் ஏறிவிடுகிறார். 69 வயது மனைவி பார்க் சோ-நியோ நடைமேடையிலேயே நின்றுவிடுகிறார்.

'காணவில்லை' என்று துண்டுப் பிரசுரம் அடிக்கப் பிள்ளைகள் உட்காருகிறார்கள். பிறந்த வருடம் 1938 என்கிறது பதிவேடு. 1936 என்கிறார் அப்பா. வயதிலேயே தகராறு! எழுத்தாளரான மகளே அம்மாவைப் பற்றி எதை எழுதுவது என்று தடுமாறுகிறாள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. கடுமையான தலைவலியை மறைத்தே வாழ்ந்திருக்கிறாள். நிலையத்தின் பெயர்ப்பலகை அவளுக்கு எப்படி உதவும்?

போலீஸ் துப்பறிவாளர் யாரும் இந்தக் கதையை நடத்திச் செல்வதில்லை. மகள், மூத்த மகன், கணவர் என்று ஒவ்வொருவராகக் கூண்டில் ஏறுகிறார்கள். மகளையும் கணவரையும் கதை 'நீ' என்றே விளித்துப் பேசுகிறது. எங்கே போனாள் என்ற கேள்வி, அவள் யார் என்ற கேள்வியாக மாறிவிடுகிறது. உடன் இருந்தபோது கேட்காத கேள்விக்கு, ஆள் கிடைத்துவிட்டால் மட்டும் பதில் வந்துவிடுமா?

எனக்கும் ஒரு குறை உண்டு. நான்காம் பகுதியில் அம்மாவே பேச வருகிறாள். உருக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் பிள்ளைகளுக்குக் கிடைக்காத பதில்கள் அங்கே வாசகனுக்குக் கிடைத்துவிடுகின்றன. அந்தச் சலுகை நமக்கு வேண்டாம். நாமும் அந்தப் பிள்ளைகளோடு தவித்திருக்க வேண்டும்.

புத்தகத்தை மூடிய பிறகு, மறைந்த என் அம்மாவைப் பற்றி அதே மாதிரி ஒரு பிரசுரம் எழுதிப் பார்த்தேன். பெயர், நிறம், உயரம், வலது கையில் எண்ணெய் தெறித்த தழும்பு. எத்தனாவது வரை படித்தார், ஏன் நிறுத்தினார்கள் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. சொல்லக்கூடியவர்கள் எவரும் இன்று இல்லை.

பெற்றோர் இருக்கிற இளைய நண்பர்கள் நாவலைப் பிறகு படித்துக்கொள்ளலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பிறந்த தேதியில் ஆரம்பியுங்கள். ஆதார் அட்டையில் இருப்பதை அப்படியே நம்பிவிட வேண்டாம்.