பக்கத்து ஊருக்குக்கூட ஹெல்மெட் ஏன்? ஒன்பதாம் வகுப்புக் கணக்கு சொல்லும் பதில்!

காரைக்காலில் இருந்து திருநள்ளாறு சுமார் 5 கி.மீ. தான். 'இவ்வளவு பக்கத்துக்கு ஹெல்மெட் எதுக்கு?' என்று அதைப் பெட்ரோல் டேங்க் மேல் வைத்துக்கொண்டு கிளம்புபவர்கள் உண்டு. அந்தக் கேள்விக்கான பதில் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் பாடத்திலேயே இருக்கிறது. அதன் பெயர், முடுக்கம்.

கணக்கு இதுதான்

இறுதித் திசைவேகத்திலிருந்து தொடக்கத் திசைவேகத்தைக் கழியுங்கள். அந்த மாற்றத்துக்கு ஆன நேரத்தால் வகுத்தால் முடுக்கம் கிடைத்துவிடும்.

நாகூர் சாலையில் ஒரு பைக் மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் நேராகப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 54-ஐ 3.6-ஆல் வகுத்தால், விநாடிக்கு 15 மீட்டர். குறுக்கே ஓர் ஆடு வருகிறது. பிரேக் பிடித்ததும் 3 விநாடியில் வண்டி நிற்கிறது.

(0 − 15) ÷ 3 = −5 மீ/வி²

மைனஸ் குறி, வேகம் குறைவதைக் காட்டுகிறது. ஒவ்வொரு விநாடியும் வேகத்தில் விநாடிக்கு 5 மீட்டர் கழிந்துகொண்டே வருகிறது. வேகம் சீராகக் குறைந்தாலும் நிற்பதற்குள் வண்டி 22.5 மீட்டர் ஓடிவிடும். ஆட்டைப் பார்த்து பிரேக்கில் கால் வைக்க ஒரு விநாடி ஆனால், அதற்குள் இன்னொரு 15 மீட்டர். மொத்தம் 37.5 மீட்டர்!

தலைக்கு 3 விநாடி கிடைக்காது

பிரேக் பிடித்தால் வண்டிக்கு நேரம் கிடைக்கிறது. தரையில் மோதும் தலைக்கு அது கிடைப்பதில்லை.

வண்டி ஓடவே வேண்டாம். ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலே, தரையைத் தொடும்போது தலையின் வேகம் விநாடிக்குச் சுமார் 5.4 மீட்டர். வெறும் தலை தார்ச்சாலையில் மோதி, 0.002 விநாடியில் நின்றால்?

5.4 ÷ 0.002 = 2,700 மீ/வி²

இது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல சுமார் 275 மடங்கு. ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தெர்மாகோல் போன்ற பகுதி நசுங்கி, அந்த நேரத்தை 0.01 விநாடியாக நீட்டினால்?

5.4 ÷ 0.01 = 540 மீ/வி²

விழுந்த வேகம் அதேதான். நேரம் ஐந்து மடங்கு கூடியதால் முடுக்கம் ஐந்தில் ஒரு பங்காகிவிட்டது. மூளையை உலுக்கும் விசையும் அதே அளவுக்குக் குறையும். நேரங்கள் உதாரணத்துக்குச் சொன்னவைதான். ஆனால், ஹெல்மெட் வேலை செய்யும் விதம் இதுவே.

கவனிக்க வேண்டியவை

* ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். உள்ளே நசுங்கும் பகுதி இல்லாத வெறும் தொப்பி, தலைக்கு நேரம் வாங்கித் தராது.
* தாடைப் பட்டையை மாட்டுங்கள். மாட்டாத ஹெல்மெட், தலை தரையைத் தொடும் முன்பே கழன்று ஓடலாம்.
* ஒருமுறை பலமாக மோதிய ஹெல்மெட்டை மாற்றிவிடுங்கள். நசுங்கிய பகுதி மறுபடி அதேபோல் நசுங்காது.
* பின்னால் உட்காருபவருக்கும் இதே கணக்குதான்.

இந்தக் கணக்கில் வகுக்கும் எண் நேரம் மட்டுமே. தூரம் எங்கேயும் வரவில்லை. 5 கி.மீ. போனாலும் 500 கி.மீ. போனாலும் விழும் தலைக்கு விடை ஒன்றுதான்!