விமானத்துக்கும் வாசல் முக்கியம்!

வாசல் குறுகலானால் நெல் வண்டி உள்ளே நுழையாது. இது கீழ்பென்னாத்தூர் விவசாயிக்குத் தெரிந்த விஷயம். ஆகாய விமானத்துக்கும் இதே கணக்குதான்!

அமெரிக்காவின் "டி.சி.3" இரண்டு என்ஜின் பயணிகள் விமானம். அதன் கதவு ஆள் நுழையும் அளவுதான். இரண்டாம் உலகப்போரில் அதன் இடப்புறம் அகலமான இரட்டைக் கதவு வைத்தார்கள். தளத்தையும் பலப்படுத்தினார்கள். ஜீப் வண்டியே உள்ளே ஏறியது! அதுதான் "டகோட்டா" சரக்கு விமானம்.

1947 அக்டோபர் 27-ந் தேதி நம் சிப்பாய்களை ஸ்ரீநகரில் இறக்கியது டகோட்டா. 1948-ல், எதிரிகள் முற்றுகையிட்ட பூஞ்ச் நகருக்கு பீரங்கிகளைக் கொண்டுபோனதும் அதுவே. சின்னக் கதவாக இருந்தால் பீரங்கி நுழைந்திருக்குமா?

ஆனால் ஒரு குறை. கதவு பக்கவாட்டில், தரையை விட உயரத்தில் இருந்தது. வால் தாழ்ந்து நிற்பதால் உள்தளம் சரிவு. சரக்கைத் தூக்கி, திருப்பி, மேட்டில் தள்ள வேண்டும். பின்னால் வந்த "ஆவ்ரோ" விமானத்திலும் கதவு பக்கவாட்டில்தான்.

ஆவ்ரோவுக்குப் பதிலாக 56 "சி.295" விமானங்கள் வாங்க 2021-ல் ஒப்பந்தம் ஆயிற்று. முதல் விமானம் 2023-ல் வந்து சேர்ந்தது. இதற்கும் என்ஜின் இரண்டே. ஆனால் வால்புறம் திறந்து, சாய்பலகை போல் இறங்கும். வண்டி நேரே ஏறலாம்.

வெள்ளம் சூழ்ந்த ஊரில் உதவிக்குக் காத்திருப்பவர்களுக்கு ஒவ்வொரு நிமிஷமும் உயிர். அந்த நிமிஷங்களை மிச்சம் பிடிப்பது என்ஜினின் வேகம் மட்டும் அல்ல, கதவின் அகலமும்தான்!