சோதனைக்குத் தனிக் கணக்கு வேணும்



"உங்கள் பால்குடப் பதிவு ரத்து செய்யப்பட்டது" என்று போன வாரம் உங்களில் பல பேருக்குக் கோவில் பேரில் எஸ்எம்எஸ் வந்திருக்கும். யாருடைய பதிவும் ரத்தாகல. அது நாங்க சோதனைக்கு எழுதிப் பார்த்த செய்தி. ராத்திரி பத்து மணிக்கு ஒரு அம்மா ரசீதைக் கையில் பிடிச்சிக்கிட்டு கோவிலுக்கே வந்துட்டாங்க. பேரனுக்காக வேண்டிக்கிட்டு விரதத்துல இருக்கிறவங்க. அவங்களுக்குப் பதில் சொல்ல எங்களுக்கு வாய் வரல.

பால்குடப் பதிவுக்கு ஒரு சர்வர் இருக்கு. புது மாற்றங்களை முதல்ல போட்டுப் பார்க்க இன்னொரு சர்வர். ரெண்டுமே எஸ்எம்எஸ் கேட்வேக்குள்ள ஒரே கணக்கு, ஒரே கடவுச்சொல்லில்தான் நுழையுது. எது சோதனை, எது நிஜம்னு கேட்வேக்குத் தெரியாது, வந்ததை அனுப்பிடும். சோதனை சர்வரில் பக்தர்கள் பட்டியலின் நகல் அப்படியே இருந்ததால உங்களுக்கு வந்து சேர்ந்தது.

கணினி பார்க்கிற தம்பியைத் திட்டாதீங்க. அவர் தனிக் கணக்கு கேட்டப்போ, "எதுக்கு ரெண்டு தடவை கட்டணம்?" என்று சொன்னது நாங்கதான்.

தப்பா வந்த செய்திக்காவது உடனே போன் வந்துச்சு, மன்னிப்புக் கேட்டோம். எங்களுக்குப் பெரிய கவலை நீங்க அனுப்பிய பதில்கள். வருகையை உறுதிப்படுத்த "ஆம்" என்று அனுப்பச் சொல்லியிருந்தோம். ரெண்டு சர்வரும் ஒரே பேரில் உள்ளே இருந்ததால, வந்த பதில்களைக் கேட்வே மாத்தி மாத்திக் கொடுத்திருக்கு. இதுக்கு ஒண்ணு, அதுக்கு ஒண்ணு. சோதனைப் பக்கம் போனதை யாரும் திறந்தே பார்க்கல. செய்தி போய்ச் சேர்ந்ததுக்கு வரும் டெலிவரி ரசீதும் அதே கதைதான்.

ஃபேக்டரியில் ட்ரையல் மெஷினை ப்ரொடக்‌ஷன் லைனோட காற்றுக் குழாயில் சொருகினா ரெண்டுக்கும் அழுத்தம் குறையும். எங்க லைன்ல யாராவது அப்படிச் செஞ்சா விட்டிருப்போமா? கோவில்னு வந்ததும் சிக்கனம் பார்த்துட்டோம். இதுலயும் ஒரு கணக்குக்கு வினாடிக்கு இத்தனை செய்திதான்னு அளவு உண்டு. சோதனை ஓடினா நிஜச் செய்தி வரிசையில் நிற்கும்.

"அப்போ சோதனையே வேண்டாம்" என்கிறாங்க சிலர். அதுவும் சரியில்ல. ஆங்கிலத்துல ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து, தமிழ்ல 70தான். அதுலயும் 'கோ' மாதிரி எழுத்து ரெண்டாகக் கணக்காகும். அளவு தாண்டினா ரெண்டு செய்திக்குக் காசு போகும். முன்கூட்டிப் போட்டுப் பார்க்காம இதெல்லாம் பிடிபடாது.

ஆகவே சோதனைக்குத் தனிக் கணக்கு வாங்கியே ஆகணும். ஒரு வேளை அன்னதானச் செலவு அளவுகூட வராது, அடுத்த கூட்டத்துல நாங்களே கேட்போம். அதுவரைக்கும் சோதனை சர்வரை கேட்வேயிலிருந்து கழட்டியாச்சு, அதிலிருந்த உங்க எண்களையும் அழிச்சாச்சு. இனி அதில் தொண்டர்கள் எட்டுப் பேர் எண் மட்டும்தான்.

சோதனைப் பக்கம் கிடந்த பதில்களை ஒவ்வொண்ணா எடுத்துப் பட்டியலில் சேர்த்துக்கிட்டிருக்கோம். ஏதாவது விடுபடலாம். "ஆம்" அனுப்பியவங்க தயவுசெய்து ரசீது எண்ணோட கோவில் ஆபீஸ்ல ஒரு தடவை சரிபார்த்துக்குங்க. சாயங்காலம் 6 முதல் 9 வரை நாங்க இருப்போம். வர முடியாத பெரியவங்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரங்க யாராவது போன் பண்ணிக் கேட்டாலும் போதும்.